சிறு பிள்ளைகளுக்குக் கல்லைக் காட்டுவது எப்படி?

எங்கள் வீடு பல்லாவரத்தில் இருக்கிறது. பக்கத்து மனையில் வீடு கட்டுவதற்காக ஒரு லோடு முக்கால் இன்ச் ஜல்லி கொட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு ஐந்து வயதுப் பெண் அதில் ஒரு கல்லைப் பொறுக்கி, வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, இந்தக் கல்லுக்கு யார் எண்ணெய் தடவினார்கள்?"

அந்தக் கல்லின் பெயர் சார்னோகைட். கரும்பச்சையும் சாம்பலும் கலந்த நிறம்; புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் பூசியதுபோல ஒரு மினுமினுப்பு. நிலவியலாளர்கள் இந்தப் பாறையை வர்ணிக்கும்போது தவறாமல் குறிப்பிடுவதும் அந்த எண்ணெய்ப் பளபளப்பைத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் அப்போது பெயரைச் சொல்லவில்லை. "இன்னும் எந்தெந்தக் கல்லில் எண்ணெய் இருக்கிறது, தேடிப் பார்" என்றேன். ஒரு மணி நேரம் அந்தக் குவியலை விட்டு அவள் நகரவில்லை.

மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கற்களை அறிமுகப்படுத்த விரும்பும் பெற்றோருக்கும், அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். நிலவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: கல் முதலில் கைக்கு வரட்டும், பெயர் பிறகு வரட்டும். "தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை" என்று சுவரில் அட்டையை மாட்டி ஒப்பிக்கவைத்துத் தொடங்கினால், பிள்ளை மூன்று சொற்களைக் கற்றுக்கொள்ளும். கல்லைப் பார்க்காது.

என்னென்ன வேண்டும்

ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், ஓர் இரும்பு ஆணி, எலக்ட்ரீஷியன் விட்டுப்போன செம்புக் கம்பித் துண்டு, வீட்டுக்குத் தரை போட்டபோது மிஞ்சிய வெள்ளை டைல், வினிகர், இங்க் ஃபில்லர், பழைய பல் துலக்கும் பிரஷ், முட்டை அட்டை, ஒரு நோட்டு. பூதக்கண்ணாடியைத் தவிர மற்றவை பெரும்பாலும் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

பளபளவென்று மெருகேற்றிய கற்களைப் பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். அவற்றை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நானும் ஒருமுறை வாங்கினேன். நீலமும் ரோஜா நிறமும் தண்ணீரில் ஊறவைத்த அன்றே இறங்கிவிட்டன. இரண்டு கற்கள் வெறும் கண்ணாடி. அசல் கற்களாகவே இருந்தாலும், அவை எங்கிருந்து வந்தவை என்று பெட்டியில் எழுதியிருப்பதில்லை. மெருகேற்றும்போது கல்லின் இயல்பான முகமும் போய்விடுகிறது.

முதல் படி: வீட்டுக்குள் தேடுங்கள்

வெளியே போவதற்கு முன் வீட்டில் ஒரு கல் வேட்டை நடத்துங்கள். "பூமியிலிருந்து தோண்டி எடுத்தது எது?" என்பதுதான் விளையாட்டு. அம்மி, ஆட்டுக்கல், உரல் ஆகியவை பிள்ளைகள் உடனே காட்டுபவை. இருந்தால் பாட்டியின் கல்சட்டியையும் எடுத்துவையுங்கள். அது மாக்கல்லில் குடைந்தது. அம்மிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் தடவச் சொல்லுங்கள். அம்மி சொரசொரவென்று இருக்கும். கல்சட்டி சோப்பைத் தொட்டதுபோல வழுவழுவென்று இருக்கும். மாக்கல்லில் உள்ள டால்க் என்ற கனிமம்தான் அந்த வழுவழுப்புக்குக் காரணம். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரின் பெயர் அதிலிருந்து வந்தது.

பிறகு பிள்ளைகள் எதிர்பார்க்காதவற்றைக் காட்டுங்கள். பென்சிலின் கருப்பு முனை கிராஃபைட் என்ற கனிமம். சிவகங்கைப் பக்கம் அது மண்ணுக்குள் கிடைக்கிறது. பழைய காலத்துச் சிலேட்டு ஒரு பாறை. சிலேட்டு என்பது அந்தப் பாறையின் பெயரேதான். கடையில் வாங்கும் கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு. அடுப்படியில் இருக்கும் கல்லுப்பின் பெயரிலேயே கல் இருக்கிறது.

அந்தக் கல்லுப்பில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒரு சிட்டிகையைக் கருப்புத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடியைப் பிள்ளையின் கண்ணுக்கு அருகில் பிடித்து, தட்டை மெல்ல உயர்த்துங்கள். சிறு சிறு கனசதுரங்கள் தெரியும். சிலவற்றின் முகத்தில் கோயில் குளத்துப் படிக்கட்டுபோல வரிசையாக உள்ளே இறங்கும் சதுரங்கள் இருக்கும். ஒரு பரலை உடைத்தால் உடைந்த துண்டும் சதுர மூலைகளோடுதான் இருக்கும். மறுநாள் ஒரு கரண்டி உப்பை வெந்நீரில் கரைத்து, அதே தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் போய்விடும். சதுரங்கள் திரும்பி வந்திருக்கும். யாரும் அச்சில் வார்க்கவில்லை, தானாகவே சதுரமாகிறது என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கிறது. படிகம் என்ற சொல்லை இந்த இடத்தில் சொல்லலாம்.

இரண்டாம் படி: தெருவில் பொறுக்குங்கள், பிரியுங்கள்

ஒருவருக்குப் பத்துக் கல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பை நிறைய வரும், ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். ஜல்லிக் குவியல் என்றால் கட்டுபவரிடம் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். வயல்வரப்பில் கிடப்பவற்றை நீங்களே முதலில் புரட்டுங்கள். கல்லின் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்க வேண்டும். அடியில் தேள் இருந்தால் கல் உங்களுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும். தண்டவாளத்துக் கல்லுக்குப் போகவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவட்டும். ஈரமான கல் காய்ந்த கல்லைவிட நிறத்தைத் தெளிவாகக் காட்டும் என்பதால், இந்தக் கழுவும் நேரத்தில்தான் பிள்ளைகள் முதன்முதலாக "இதுக்குள்ளே பார்!" என்று கத்துவார்கள். பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ஒரு பையன் "கனமானது, லேசானது" என்று பிரிப்பான். இன்னொருத்தி "புள்ளி வைத்தது, கோடு போட்டது, ஒன்றும் இல்லாதது" என்பாள். பாறையில் புள்ளியும் கோடும் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. கிரானைட்டையும், பட்டை பட்டையாக இருக்கும் நைஸ் பாறையையும் அறிஞர்கள் பிரித்தறிவதும் அந்த அடையாளத்தை வைத்துத்தான்.

"இது என்ன கல்?" என்று கேட்பார்கள். பாதிக் கேள்விகளுக்கு உங்களுக்கு விடை தெரியாது. தெரியவில்லை என்றே சொல்லுங்கள், சொல்லிவிட்டு, "நீ என்ன பெயர் வைப்பாய்?" என்று கேளுங்கள். மிளகுக்கல், மழைக்கல், எண்ணெய்க்கல் என்று அவர்கள் வைக்கும் பெயர்களை நோட்டில் எழுதிவையுங்கள். நம் முன்னோர் வைத்த பெயர்களும் இப்படி வந்தவைதான். தகடு தகடாக உரியும் மைக்காவைக் காக்காய்ப்பொன் என்றார்கள். வயலில் வெள்ளையாகக் கிடக்கும் குவார்ட்ஸை வெங்கச்சங்கல் என்றார்கள். பள்ளிப் பாடத்தில் வரும் பெயரோடு இந்தப் பெயரையும் பிள்ளைக்குக் கொடுங்கள்.

மூன்றாம் படி: பாறைக்கும் கனிமத்துக்கும் என்ன வேறுபாடு

பெரியவர்களே தடுமாறும் இடம் இது. ஒரு பூந்தி லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் வைத்து, மெதுவாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பூந்தி ஒரு பக்கம், முந்திரி ஒரு பக்கம், திராட்சை ஒரு பக்கம், கிராம்பு ஒரு பக்கம். லட்டுதான் பாறை, அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு கனிமம். இப்போது கிரானைட் துண்டைக் கையில் கொடுங்கள். சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் கேட்டால் உடைந்த துண்டு கிடைக்கும். ஆனால் அங்கே கிரானைட் என்று விற்கும் கருப்புக் கல்லெல்லாம் கிரானைட் அல்ல. வெள்ளை, ரோஜா, கருப்புப் பொட்டுகள் கலந்த துண்டாகக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடித் துண்டுபோல சாம்பலாகத் தெரிவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ ரோஜா நிறமாகவோ தட்டையாக மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். கருப்பாகத் தகடாக மினுக்குவது மைக்கா. லட்டைப் பிரித்த பிள்ளைக்கு இந்த மூன்றும் தானாகவே கண்ணில் படும்.

அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: "அப்படியென்றால் கல்கண்டு கனிமமா?" இல்லை. கல்கண்டும் படிகம்தான், ஆனால் கரும்பிலிருந்து வந்தது, மனிதர் செய்தது. கனிமம் என்றால் இயற்கையிலேயே உண்டாகியிருக்க வேண்டும். இந்த இலக்கணப்படி பார்த்தால் வானத்திலிருந்து விழும் ஆலங்கட்டியும் கனிமம்தான். இயற்கையாக உறைந்த பனிக்கட்டியைக் கனிமங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கோடை மழையில் அது விழும் நாளில் மறக்காமல் சொல்லுங்கள்.

நான்காம் படி: சோதனைகள்

ஒரு நாளுக்கு ஒரு சோதனை போதும்.

கீறிப் பார்ப்பது முதலாவது. 1812இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் பத்துக் கனிமங்களை மென்மையிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்தினார். டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, குவார்ட்ஸ் 7, வைரம் 10. நம் விரல் நகம் ஏறக்குறைய இரண்டரை. நகத்தால் கீறு, விழவில்லையா, செம்புக் கம்பியால் கீறு, அதற்கும் விழவில்லையா, ஆணியால் கீறு. வெளிநாட்டுக் கையேடுகள் செப்புக்காசால் கீறச் சொல்லும். இப்போது நம் கையில் புழங்கும் காசுகளில் பல துருப்பிடிக்காத எஃகு, அதனால்தான் கம்பி. இன்னொன்று: கடினமான கல்லில் ஆணியை இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். கல் கீறிவிட்டது என்று பிள்ளை துள்ளும். ஈர விரலால் அந்தக் கோட்டைத் துடைக்கச் சொல்லுங்கள். அழிந்தால் அது கல்லின் காயம் அல்ல, ஆணியின் இரும்பு கல்லில் ஒட்டியது. அதாவது அங்கே ஜெயித்தது கல்.

டைலின் பின்புறம், பளபளப்பு இல்லாத பக்கத்தில், கல்லைத் தேய்த்தால் பொடியின் நிறம் தெரியும். காவிக்கல் செம்பழுப்புக் கோடு போடும். வாசலில் காவிப்பட்டை போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்.

வினிகர் சோதனை எல்லோருக்கும் பிடித்தது. கல்லை ஆணியால் லேசாகச் சுரண்டி, அந்த இடத்தில் ஃபில்லரால் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் உள்ளே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கரிசல் காட்டில் கிடக்கும் சுக்கான்கல் நன்றாக நுரைக்கும். கிளிஞ்சலும் முட்டை ஓடும் நுரைக்கும். சேலத்தில் ஏற்காடு போகும் வழியில் தெரியும் சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைக் கல் ஏமாற்றும். ஊர்ப் பெயரில்தான் சுண்ணாம்பு, கல் மாக்னசைட். வினிகருக்கு அது எளிதில் அசையாது. கோலப்பொடியிலும் ஒரு சொட்டு விடுங்கள்: நுரைக்கும் பொடியும் உண்டு, சும்மா இருக்கும் பொடியும் உண்டு. அரிசிமாவு ஒருபோதும் நுரைக்காது.

காந்தத்தை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, கடற்கரையிலோ மழை ஓடிய தெருவோரத்திலோ மணலில் இழுத்துப் பாருங்கள். கருந்துகள்கள் மீசைபோல நிமிர்ந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றில் பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருக்கும். பையிலிருந்து காந்தத்தை வெளியே எடுத்தால் எல்லாம் தாளில் உதிரும்; வெறும் காந்தத்தில் ஒட்டினால் சுரண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

தட்டிக் கேட்பதும் ஒரு சோதனை. நம் சிற்பிகள் கல்லை உளியால் தட்டி, ஒலியை வைத்தே ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்கள். வெண்கல மணிபோல ஒலிப்பது ஆண் கல். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி மங்கிவிடும். ஒரு கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தால் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் கேட்கும்.

எனக்கு மிகவும் பிடித்ததைக் கடைசியாக வைத்திருக்கிறேன். கையில் அடங்கும் அளவில் இரண்டு வெங்கச்சங்கற்கள் வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு பெரியவர் ஒருவர் இரண்டையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேயும் இடத்தில் கல்லுக்குள்ளேயே மங்கலாக ஓர் ஒளி எழும்பி அடங்கும். கூடவே கருகிய வாடை வரும். பிள்ளைகள் முகத்தைக் கிட்டே கொண்டுவராமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கலாம். நான் இதைச் செய்துகாட்டிய எந்த இரவிலும் ஒரு முறையோடு விட்டதில்லை.

ஐந்தாம் படி: பாறை எப்படி உண்டாகிறது

தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று தொடக்கத்தில் சொன்ன மூன்று பெரிய சொற்களுக்கும் இப்போதுதான் வேளை வந்திருக்கிறது. சமையலறையே போதும்.

தீப்பாறைக்குச் சர்க்கரைப் பாகு. கொதிக்கும் பாகைத் தட்டில் ஊற்றினால் சட்டென்று இறுகிவிடும், படிகம் கண்ணுக்குத் தெரியாது. கல்கண்டு பல நாள் பொறுமையாக விளைவதால் அதில் படிகம் பெரிது. எரிமலையிலிருந்து வெளியே வந்து விரைவில் ஆறிய பசால்ட்டில் துகள் மிகச் சிறியது; பூமிக்குள்ளேயே மெல்ல ஆறிய கிரானைட்டில் பெரியது. பாகைக் காய்ச்சுவதும் ஊற்றுவதும் பெரியவர் வேலை.

படிவுப்பாறைக்கு ஒரு கண்ணாடி பாட்டில். மணல், செம்மண், சிறு கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கல் முதலில் இறங்கும், பிறகு மணல், கடைசியில் வண்டல். மறுநாள் காலையில் அடுக்கு அடுக்காகத் தெரியும். மேலே மேலே மண் சேர்ந்து அழுத்தினால் அடியில் இருப்பது கல்லாகும் என்று சொன்னால் போதும்.

உருமாறிய பாறைக்கு அவலைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு கையில் நெல், ஒரு கையில் அவல். ஊறவைத்து, வறுத்து, இடித்ததால் நெல்லுக்குள் இருந்த அரிசி தட்டையாகிவிட்டது. உள்ளே இருப்பது அதே அரிசி. சூடும் அழுத்தமும் உருவத்தை மாற்றிவிட்டன. களிமண்ணிலிருந்து உண்டான பாறை சிலேட்டாவதும், சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாவதும் இப்படித்தான்.

ஆறாம் படி: சேகரித்து வையுங்கள்

முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியிலும் ஒரு கல். கல்லின் ஓர் ஓரத்தில் வெள்ளை நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அதில் எண் எழுதுங்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக எங்கே எடுத்தது, எந்த நாள், யார் எடுத்தது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை கல்லைப் படமாக வரையட்டும். கல்லின் பெயர் தெரியாவிட்டால் பிறகு தெரிந்துகொள்ளலாம். எடுத்த இடம் மறந்துபோனால் திரும்பக் கிடைக்காது. அருங்காட்சியகங்களும் இதையேதான் செய்கின்றன.

சில எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் வாய்க்குள் போகும் அளவுக் கல் எதுவும் கீழே இருக்கக் கூடாது. பல்பம் தின்னும் பழக்கம் உள்ள பிள்ளைகள் கல்லையும் நக்கிப் பார்ப்பார்கள், கூடவே இருங்கள். சுத்தியலால் கல்லை உடைப்பது பெரியவர் மட்டும், துணியில் சுற்றி, கண்ணாடி அணிந்து. கல்லைப் பொடியாக்கி விளையாட விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. கைவிடப்பட்ட கல்குவாரிக்குக் கல் பார்க்கக் கூட்டிப்போகவே வேண்டாம். அங்கே தேங்கிய தண்ணீரின் ஆழம் கரையிலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களே அதில் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

ஏழாம் படி: ஒரு நாள் பயணம்

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பாறைகளையும் கனிமங்களையும் பார்த்த பிறகு, கற்கால மனிதர் செய்த கருவிகளையும் காட்டுங்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் எங்கள் பல்லாவரத்தில்தான் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்கியது. எந்தக் கல் கூராக உடையும் என்று தெரிந்த ஒருவர் அதைச் செய்திருக்கிறார். பிள்ளை அப்போதுதான் ஆணியால் கீறிப் பழகியிருப்பதால் அந்தக் கோடரியை நின்று பார்க்கும்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் மணல் ஒரே நிறமாக இருக்காது. சிவப்பாக இருப்பது கார்னெட் என்ற கனிமம், கருப்பில் பெரும்பங்கு இல்மனைட் என்ற கனிமம். பூதக்கண்ணாடியால் அங்கேயே பார்த்துவிட்டு, அங்கேயே விட்டுவிடுங்கள். கதிரியக்கம் உள்ள மோனசைட்டும் அந்த மணலில் கலந்திருக்கிறது.

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல். சுண்ணாம்புக்கல்லில் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல்தான் அங்குள்ள சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லான மரத்துண்டுகளைப் பூங்காவாகவே பாதுகாக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடப்பது ஒரே மரம், 18 மீட்டருக்கும் மேல் நீளம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைப் பற்றி முதன்முதலில் எழுதினார். டைனோசர்கள் வாழ்ந்த காலத்து மரம் அது. திருவக்கரையும் சாத்தனூரும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது என்று பஸ் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் கோடி ஆண்டு என்று சொல்லிப் பயனில்லை. 18 மீட்டர் என்றாலும் அதற்குத் தெரியாது. அதனால் சாத்தனூருக்குப் போவதற்கு முதல் நாள், கொடிக்கயிற்றில் 18 மீட்டர் அளந்து வெட்டி, தெருவில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே வேலிக்கு வெளியே, மரத்துக்கு இணையாக ஒரு முனையை ஒரு பிள்ளை பிடிக்கட்டும். மறு முனையை இன்னொன்று இழுத்துக்கொண்டு நடக்கட்டும்.